தூக்குக் கூலி

பி.காம். படித்தவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். ஒரு சின்னப் பரீட்சை. பயப்படாதீர்கள், அரியர் எல்லாம் விழாது.

சரக்கு வாங்கி வருவதற்கு லாரிக்காரருக்கு வாடகை கொடுக்கிறோமே, உள்தூக்குக் கூலி... அது எந்தக் கணக்கில் வரும்?

"வியாபாரக் கணக்கு!"

சபாஷ். விற்ற சரக்கை வாடிக்கையாளர் குடோனில் கொண்டுபோய் இறக்குவதற்குக் கொடுக்கிற வெளித்தூக்குக் கூலி?

"இலாப நட்டக் கணக்கு!"

பலே. இப்போது கடைசிக் கேள்வி. இரண்டும் எந்தப் பக்கம்?

இதற்கு யோசிக்கவே வேண்டாம். இரண்டுமே பற்றுப் பக்கம். செலவு! தூக்கி வந்தவனும் செலவு, தூக்கிக்கொண்டு போனவனும் செலவு. சரக்கை விற்றது மட்டும் வரவு. நடுராத்திரியில் வாளையாறு செக்போஸ்ட்டில் கொசுக்கடியில் நின்று, விடிவதற்குள் சரக்கைக் கொண்டுவந்து சேர்த்த மனுஷன் ஐந்தொகையில் எந்த மூலையிலும் தென்பட மாட்டான்.

கொங்கு நாட்டுக்காரர்களுக்கு இது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சங்ககிரியில் வீட்டுக்கு வீடு லாரி. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறைகள். தூக்குக் கூலியில் வளர்ந்த சீமை இது. அதனால் இந்த வாரம் தூக்குகிறவனைப் பற்றித்தான். ஆனால் லாரி இல்லை. கொஞ்சம் உயரத்தில் போகிற வண்டி. அதற்கு முன்னால், ரொம்ப ரொம்ப உயரத்தில் போகிற வண்டி ஒன்றைப் பார்த்துவிடுவோம்.

* * *

நான் அவ்வப்போது கணக்கு பார்த்துக் கொடுக்கிற ஆபீஸ் ஒன்றில் ஒரு தம்பி இருக்கிறான். வயசு இருபத்து நாலு. மதியம் ஒரு மணிக்கு டிபன் பாக்ஸைத் திறப்பதற்கு முன் லேப்டாப்பைத் திறப்பான். 'ஸ்டார்கிராஃப்ட்' என்று ஒரு விளையாட்டு. அமெரிக்காவின் பிளிஸார்டு கம்பெனி 1998-ல் வெளியிட்டது. 2017-ல் அந்தப் பழைய விளையாட்டை இலவசமாகவே கொடுத்துவிட்டார்கள். இலவசம் என்றால் நம் ஆட்கள் விடுவார்களா?

விண்வெளியில் மூன்று கூட்டத்துக்குள் சண்டை. மனுஷக் கூட்டம் ஒன்று, பூச்சிக் கூட்டம் ஒன்று, மகா புத்திசாலி வேற்றுக் கிரகக் கூட்டம் ஒன்று. தரையைத் தோண்டி மினரல் எடுக்க வேண்டும், கேஸ் எடுக்க வேண்டும், அதை வைத்துப் படை கட்ட வேண்டும். அசல் முதலாளித்துவம்.

இதில் மனுஷக் கூட்டத்திடம் 'டிராப்ஷிப்' என்று ஒரு ராணுவ வண்டி உண்டு. விலை 100 மினரல், 100 கேஸ். உள்ளே எட்டு சிப்பாய்கள் உட்காரலாம். டாங்க் என்றால் இரண்டுதான், ஒன்றுக்கு நாலு சீட். எதிரியின் கொல்லைப்புறத்தில் கொண்டுபோய் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்ப வேண்டும். இதில் விசேஷம் என்ன தெரியுமா? அந்த வண்டியில் ஒரு துப்பாக்கிகூடக் கிடையாது! அத்தனை பேரும் சுடுகிற இடத்துக்கு, சுடத் தெரியாத ஒரே ஆளாகப் போய் வர வேண்டும். அதை ஓட்டுகிற அம்மணியை மவுஸால் நாலு தடவை சும்மா தட்டினால் ஏர்ஹோஸ்டஸ் மாதிரி அறிவிப்பு கொடுப்பாள். பெட்டியைப் பார்த்து இறக்குங்கள், கை காலை வெளியே நீட்டாதீர்கள் என்கிற ரீதியில். நம்ம டவுன் பஸ் கண்டக்டரின் விண்வெளிப் பதிப்பு.

இந்த வண்டிக்கும் ஒரு காலத்தில் ஒரு ரசிகர் கிடைத்தார். தென் கொரியாவின் லிம் யோ-ஹ்வான். விளையாட்டு உலகத்தில் 'பாக்ஸர்' என்றால்தான் தெரியும். கொரியாவில் இந்த விளையாட்டை டி.வி.யில் நேரடியாகக் காட்டிய நாட்களில், அவர் டிராப்ஷிப்பை ஓட்டுகிற லாவகத்தைப் பார்க்கவே கூட்டம் கூடும். அங்கே ராணுவ சேவை கட்டாயம். 2006-ல் அவர் போய்ச் சேர்ந்தது எங்கே தெரியுமா? விமானப்படையில்! விமானப்படையும் சும்மா இருக்கவில்லை. கம்ப்யூட்டர் விளையாட்டுக்கென்றே ஒரு அணி ஆரம்பித்து அதில் அவரை ஆட வைத்தது. நம் ஊரில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கபடி ஆட வைப்பார்களே, அது மாதிரி.

ஒரு நாள் தம்பியின் டிராப்ஷிப்பை நடுவழியில் சுட்டுவிட்டார்கள். உள்ளே எட்டுப் பேரும் காலி. வண்டி விழுந்தால் உள்ளே இருப்பவர்களும் போய்விடுவார்கள் என்பதுதான் அதில் விதி.

"என்ன தம்பி, எட்டுப் பேரு போச்சே?"

"போனாப் போகுதுங்ணா. நூறு மினரல்தானுங்களே. இதோ, இன்னொண்ணு கட்டிட்டேன் பாருங்க."

"அந்த எட்டுப் பேருக்குப் பேரு?"

என்னை ஒரு மாதிரி பார்த்தான். "ஏனுங்ணா, வண்டியில ஏத்தி அனுப்பறவனுக்கு யாருங்ணா பேரு வெப்பாங்க?" என்று சொல்லிவிட்டு தயிர் சாதத்தைப் பிசைய ஆரம்பித்தான்.

* * *

விளையாட்டில் வைக்க வேண்டாம். நிஜத்தில்?

இதற்காக வேற்றுக் கிரகம் போக வேண்டியதில்லை. திருச்சி ரோட்டில் சிங்காநல்லூர் தாண்டிப் போனால் போதும். சூலூர். அங்கே விமானப்படைத் தளம்.

சூலூருக்கு ஒரு வேடிக்கையான பூர்வோத்திரம் உண்டு. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் அது ஆகாயப்படைக்காரர்களுடையதே இல்லை, பிரிட்டிஷ் கடற்படையின் விமானத்தளம்! நூறு கிலோமீட்டருக்கு மேல் போனால்தான் கடல் என்கிற ஊரில் கடற்படை. வெள்ளைக்காரர்களுக்கு இன்னொரு வழக்கம், தரையில் இருக்கிற கடற்படைத் தளத்துக்கும் கப்பல் மாதிரியே பெயர் வைப்பார்கள். அதனால் சூலூருக்கு 'எச்.எம்.எஸ். வைரி' என்று பெயர். கோயமுத்தூர்த் தளத்துக்கு 'எச்.எம்.எஸ். கருடா'. ஆக, நொய்யலில் கணுக்கால் தண்ணீர் ஓடின காலத்திலேயே நம் ஊரில் இரண்டு கப்பல்கள் நின்றிருக்கின்றன!

சுதந்திரத்துக்குப் பிறகும் கடற்படை விட்டபாடில்லை. இப்போது கோவாவில் இருக்கிற 'ஐ.என்.எஸ். ஹன்ஸா' 1961 செப்டம்பரில் பிறந்தது சூலூரில்தான். 1964-ல்தான் கோவாவுக்குக் குடி போனது.

பிறகு விமானப்படை. தேஜஸ் சண்டை விமானத்தின் முதல் படைப்பிரிவான 45, 2018-ல் சூலூருக்கு வந்தது. இரண்டாவதான 18, 2020 மே மாதம் இங்கேதான் தொடங்கியது. 2024 ஆகஸ்டில் 'தரங் சக்தி' கூட்டுப் பயிற்சிக்கு ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின், இங்கிலாந்து விமானங்கள் எல்லாம் வந்தன. அந்த நாட்களில் நம்ம தம்பியின் செல்போனில் நூறு போட்டோவாவது இருந்திருக்கும். எல்லாம் கூர்மூக்கு விமானங்கள். தடிமனான வயிறும் இரண்டு காற்றாடியுமாக, கொர்ர்ர் என்று ஒரு வண்டி போகுமே... அது ஒன்றுகூட இல்லை.

அந்தக் கொர்ர்ர் வண்டிதான் ஏ.என்.32.

* * *

சோவியத் யூனியனில், இப்போதைய உக்ரைனின் கீவ் நகரத்து ஆண்டனோவ் கம்பெனியில் வடிவமைத்தது. ஆனால் கேட்டது நாம். லடாக் மாதிரி உயரமான இடங்களில் காற்று மெலிதாக இருக்கும். சாதாரண எஞ்சின் அங்கே மூச்சு வாங்கும். "எங்களுக்கு வெயிலிலும் ஓட வேண்டும், மலையிலும் ஏற வேண்டும்" என்று இந்தியா சொல்ல, பழைய ஏ.என்.26-ன் உடம்பில் சுமார் 5,000 குதிரைத்திறன் எஞ்சின்கள் இரண்டைப் பொருத்தினார்கள். பெரிய காற்றாடி தரையில் இடிக்காமல் இருக்க, எஞ்சினைத் தூக்கி இறக்கைக்கு மேலே வைத்துவிட்டார்கள். தலையில் சும்மாடு வைத்த மாதிரி ஒரு தோற்றம். 1984 முதல் நம்மிடம் வர ஆரம்பித்து, நூறு விமானங்களுக்கு மேல் சேர்ந்தன.

பாரம் எவ்வளவு தூக்கும்? ஆறே முக்கால் டன்னுக்குக் கொஞ்சம் கீழே. நாமக்கல் டிரைவரிடம் சொன்னால் சிரிப்பார். "அட போங்க, என்ற ஆறு சக்கர லாரியே ஒம்பது டன் இழுக்குமுங்க." வாஸ்தவம். ஆனால் அவருடைய லாரி 16,000 அடி உயரத்தில் ரோடே இல்லாத இடத்தில் போய் நிற்காது. இது நின்றது. 2008 மே 31-ம் தேதி, லடாக்கின் தௌலத் பேக் ஓல்டி மண் தளத்தில் ஒரு ஏ.என்.32 இறங்கியது. 43 வருஷமாக எந்த விமானமும் இறங்காத இடம் அது.

தமிழர்களுக்கும் இந்த வண்டிக்கும் வேறொரு பழைய பந்தமும் உண்டு. 1987 ஜூன் 3. யாழ்ப்பாணத்துக்கு நிவாரணப் பொருள் ஏற்றிக்கொண்டு ராமேஸ்வரத்திலிருந்து போன படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பிவிட்டது. மறுநாள், ஜூன் 4, பெங்களூரிலிருந்து ஐந்து ஏ.என்.32-கள் கிளம்பின. துணைக்கு மிராஜ் சண்டை விமானங்கள். சுமார் 25 டன் பொருட்களை யாழ்ப்பாணத்தின் மேலே பாராசூட்டில் இறக்கிவிட்டுத் திரும்பின. 'பூமாலை' என்று அதற்குப் பெயர். அதற்குப் பிறகு நடந்த அரசியல் எல்லாம் வேறு கதை, வேறு வாரம். நான் சொல்ல வந்தது, அன்றைக்கு மூட்டை சுமந்தது இந்த வண்டிதான்.

யுத்தம் என்றால் நமக்கு டுமீல் டுமீல்தான் ஞாபகம் வரும். ஆனால் 1947 அக்டோபர் 27-ம் தேதி ஸ்ரீநகரில் முதலில் போய் இறங்கியது சண்டை விமானமா? இல்லை. சிப்பாய்களை ஏற்றிப் போன டகோட்டா. வயிறு பெருத்த வண்டி வராமல் வீரம் வராது சார்!

* * *

இனி வருவதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

2016 ஜூலை 22, வெள்ளிக்கிழமை. காலை 8.30 மணிக்கு சென்னை தாம்பரத்திலிருந்து ஒரு ஏ.என்.32 போர்ட் பிளேருக்குக் கிளம்பியது. எண் கே-2743. சூலூரிலிருந்த 33-வது படைப்பிரிவைச் சேர்ந்தது. வாராவாரம் போகிற சர்வீஸ் அது. ராணுவ பாஷையிலேயே 'கூரியர்' என்றுதான் பெயர்.

உள்ளே 29 பேர். விமானத்தை ஓட்டிய குழுவினர் 6. விமானப்படையினர் 11. தரைப்படை 2. கடற்படை 1. கடலோரக் காவல் படை 1. மீதி 8 பேர் யூனிஃபார்ம் போடாதவர்கள், விசாகப்பட்டினத்தில் கடற்படை ஆயுதக் கிடங்கில் வேலை பார்த்த சிவிலியன்கள். 'டியூட்டி' என்று ஆர்டர் வந்ததும் பையில் இரண்டு சட்டை, டிபன் கேரியருடன் கிளம்புவோமே, நம்மைப் போன்ற சம்பளக்காரர்கள்.

9.12 மணி. வங்காள விரிகுடாவின் மேலே, 23,000 அடி உயரத்தில் இருந்த விமானம் ராடாரிலிருந்து மறைந்தது.

கப்பல்கள் தேடின. விமானங்கள் தேடின. நீர்மூழ்கி தேடியது. செயற்கைக்கோள் படங்களைச் சலித்துப் பார்த்தார்கள். ஒரு துண்டு கிடைக்கவில்லை. தண்ணீருக்கு அடியிலிருந்து ஒரு மாதம் வரை 'டிக், டிக்' என்று சிக்னல் கொடுக்கிற கருவி ஒன்று உண்டு. பயணிகள் விமானங்களின் கறுப்புப் பெட்டியில் அது சர்வ சாதாரணம். இந்த விமானத்தில் அது இல்லை.

செப்டம்பர் 15-ம் தேதி, 29 பேரும் இறந்துவிட்டதாகக் கருதப்படுவதாகக் குடும்பங்களுக்குச் சொல்லப்பட்டது. 'கருதப்படுவதாக'. சாதாரணமாக ஒருவர் காணாமல் போனால், சட்டப்படி ஏழு வருஷம் தகவல் இல்லாமல் இருந்தால்தான் அப்படிக் கருதுவார்கள். அதுவரை பென்ஷன், இன்ஷூரன்ஸ், பேங்க் கணக்கு எல்லாம் இழுபறி. இங்கே விசாரணை நடத்தி இரண்டு மாதத்துக்குள் சொன்னதில் அந்த வகையில் ஒரு நியாயம் இருந்தது. காகிதத்துக்கு அது போதும். வாசலில் பைக் சத்தம் கேட்டால் எழுந்து போய்ப் பார்க்கிற அம்மாவுக்கு?

நம் கணக்குப் புத்தகத்தில் இதற்கு ஒரு தலைப்பு உண்டு. இருப்பாய்வு டாலி ஆகவில்லை, தப்பு எங்கே என்று தெரியவில்லை என்றால், வித்தியாசத்தை 'அனாமத்துக் கணக்கு' என்று எழுதி ஓரமாக வைப்போம். பரீட்சையில் அது பத்து நிமிஷம் இருக்கும். இந்த 29 வீடுகளில் அது ஏழரை வருஷம் இருந்தது.

2024 ஜனவரி. சென்னை பள்ளிக்கரணையில் இருக்கிற தேசிய கடல் தொழில்நுட்பக் கழகத்திடம் ஆளில்லாமல் தானே நீந்துகிற ஒரு இயந்திரம் உண்டு. ஆழ்கடல் தரையில் கனிமம் தேடுவதற்காக வாங்கியது. ஆமாம், மினரல்! அதை அனுப்பித் தேடியதில், சென்னைக் கரையிலிருந்து சுமார் 140 கடல் மைல் தூரத்தில், 3,400 மீட்டர் ஆழத்தில் ஒரு விமானத்தின் சிதைவுகள் படமாகக் கிடைத்தன. அந்தப் பக்கத்தில் வேறெந்த விமானமும் காணாமல் போனதாகப் பதிவு இல்லை. ஏ.என்.32-ன் உடலோடு ஒத்துப்போகிறது. ஜனவரி 12-ம் தேதி பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தது.

3,400 மீட்டர் என்றால் எவ்வளவு? நம் ஊட்டி தொட்டபெட்டா 2,637 மீட்டர். அதை அப்படியே தூக்கி அந்த இடத்தில் வைத்தாலும், உச்சிக்கு மேலே இன்னும் முக்கால் கிலோமீட்டர் தண்ணீர் நிற்கும்.

* * *

சூலூரின் பெயர் ஊர் உலகத்துக்கெல்லாம் தெரிந்த இன்னொரு நாள், 2021 டிசம்பர் 8. அன்றும் கிளம்பியது சுமக்கிற வண்டிதான். எம்.ஐ.-17 ஹெலிகாப்டர், வெலிங்டனுக்கு. குன்னூர் பக்கம் நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தது. முப்படைத் தளபதி பிபின் ராவத், அவர் மனைவி உட்பட 13 பேர் அன்றே, குரூப் கேப்டன் வருண் சிங் ஒரு வாரம் கழித்து, ஆக 14 பேர். முதலில் ஓடிப்போனது அந்தக் குடியிருப்பு ஜனங்கள். குடத்தில் தண்ணீரும் வீட்டுக் கம்பளியுமாக. விழுந்தவர் யார், என்ன பதவி என்று யாரும் கேட்கவில்லை. நெருப்புக்குள்ளே கிடக்கிறவனுக்கு என்ன நட்சத்திரம், என்ன ஸ்ட்ரைப்?

* * *

இதையெல்லாம் ஏன் ஒரு சிரிப்புப் பக்கத்தில் எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். காரணம், நாம் கணக்கு எழுதுகிற ஜாதி. எந்தக் கம்பெனியிலும் முதலாளி "செலவைக் குறைங்கப்பா" என்றால் நம் பேனா முதலில் போய் நிற்பது பற்றுப் பக்கத்தில், அதுவும் தூக்குக் கூலியில். வண்டிக்கு டயர் அடுத்த மாதம். டிரைவருக்குப் பேட்டா அடுத்த வாரம். பிரேக் லைனிங், "இன்னும் கொஞ்சம் ஓடட்டுமே". ஷோரூமுக்குக் கண்ணாடி மாற்றுவதை மட்டும் யாரும் தள்ளிப்போடுவதில்லை.

சர்க்காரும் பெரிய கம்பெனிதான். ஏ.என்.32-களைப் புதுப்பிக்க 2009-ல் உக்ரைனோடு ஒப்பந்தம் போட்டு, நாற்பது விமானங்கள் அங்கேயே போய்ப் புதுசாகி வந்தன. மீதியைக் கான்பூரில் செய்ய வேண்டும். 2014-ல் உக்ரைனில் பிரச்னை வெடிக்க, உதிரி பாகத்துக்கு முட்டுக்கட்டை. சண்டை விமானம் வாங்குவதில் தாமதம் என்றால் டி.வி.யில் நாலு பேர் கத்துவார்கள். மூட்டை வண்டிக்கு ஸ்பேர் வரவில்லை என்றால் யார் கத்துவது? தண்ணீருக்கடியில் சிக்னல் கொடுக்கிற பெட்டி இல்லை என்று ஜூலை 21-ம் தேதி எத்தனை பேருக்குத் தெரியும்? 23-ம் தேதிதான் நமக்கெல்லாம் தெரிந்தது.

போன வாரம் தம்பியிடம் இந்த 29 பேர் கணக்கைச் சொன்னேன். ஆறு, பதினொன்று, இரண்டு, ஒன்று, ஒன்று, எட்டு என்று விரல் விட்டுக் கூட்டிப் பார்த்தான். அக்கவுண்ட்ஸ்காரன் அல்லவா.

"டாலி ஆகுதுங்ணா" என்றான். அப்புறம் கொஞ்ச நேரம் லேப்டாப்பைத் திறக்கவில்லை.

நான் ஒன்றும் உபதேசம் பண்ணவில்லை. அவன் விளையாட்டை விடவும் இல்லை, விட வேண்டியதும் இல்லை. நேற்று ஆபீஸில் ஒரு ஃபைல் வந்தது. எங்கள் டெலிவரி வேனுக்கு இரண்டு முன் டயர், மூன்று மாதமாக 'பெண்டிங்'. மேலே மேனேஜர் பென்சிலில் 'அடுத்த குவார்ட்டர்' என்று எழுதியிருந்தார். தம்பி அதை எடுத்துக்கொண்டு நேராக அவர் ரூமுக்குப் போனான்.

"சார், அந்த வேனை ஓட்டறது நம்ம பழனிச்சாமி அண்ணனுங்க. கூடவே லோடு இறக்க முருகேசு போவானுங்க" என்று சொல்வது வெளியே கேட்டது.

பென்சில் எழுத்துதானே. ரப்பர் இருந்தது.